அலுமாரி மேலிருந்த இலை

அந்தச் சனிக்கிழமை காலையில் மிருணாளினி மூன்று சேலை மாற்றினாள். மூன்றாவது சேலையின் தோளில் ஊசி குத்திக்கொண்டிருந்தபோதே அழைப்பு மணி அடித்துவிட்டது.

“அம்மா, வந்திட்டினம்!”

“வந்தால் கதவைத் திற. உன்ரை நெஞ்சு அடிக்கிற சத்தம் குசினிவரைக்கும் கேக்குது,” என்றாள் கோசலை, கரண்டியைக் கீழே வைக்காமல்.

வாசலில் ரேமண்டும் அவனுடைய தாய் பியட்றிசும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். பாரிசின் மார்க்ஸ் டோர்மோய் பகுதியில் இருக்கும் அந்தப் பழைய கட்டடத்தில் மின்தூக்கி கிடையாது. வீடு ஐந்தாம் மாடியில். பியட்றிஸ் ஒரு கையில் பூங்கொத்தும் மறு கையில் கேக் பெட்டியும் வைத்திருந்தாள்.

“முட்டை போடாத கேக், பிள்ளை. இண்டைக்குப் புரட்டாசிச் சனியெல்லோ. கேட்டறிஞ்சுதான் வாங்கினன்.”

மிருணாளினிக்கு அந்த இடத்திலேயே அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

ரேமண்டை அவளுக்கு இரண்டு வருடங்களாகத் தெரியும். கார் து நோர் ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள மூக்குக்கண்ணாடிக் கடையில் அவள் வேலை செய்கிறாள். ஒரு நாள் புதுக் கண்ணாடி வாங்கிப் போனவன், சட்டம் தளர்ந்துவிட்டது என்று அடுத்த வாரம் வந்தான். அதற்கடுத்த வாரமும் வந்தான். ஐந்தாவது தடவை அவள், “திருகாணியிலை பிழையில்லை. கழட்டுற ஆளிலைதான் பிழை,” என்று சொன்னபோது அவன் காதுவரை சிவந்துபோனான். அன்று மாலை இருவரும் சேர்ந்து கோப்பி குடித்தார்கள்.

இப்போது 2014ஆம் ஆண்டு. டிசம்பர் பதின்மூன்றாம் திகதி திருமணத்தைப் பதிவு செய்ய நகரசபையில் நாள் கிடைத்திருந்தது. வருகிற திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை தாள்களைக் கொடுக்க வேண்டும். தவறினால் கோடைகாலம்வரை வேறு நாள் இல்லை; ஜனவரியில் ரேமண்டுக்கு லியோன் நகருக்கு வேலை மாற்றம். ஆனால் இருவரும் ஒரு விடயத்தில் உறுதியாக இருந்தார்கள். அப்பாவின் சம்மதம் இல்லாமல் அந்தத் தாள்களில் கையெழுத்து விழாது.

அப்பாதான் சிக்கல்.

லாச்சப்பலில் மளிகைக் கடை வைத்திருக்கும் இராஜேந்திரனுக்குக் கடை பகல்வேலை மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் அவர் பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்தார். போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தது, அரசனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றது, நல்லூர்க் கோயிலை இடித்தது, ஊர் ஊராக ஞானஸ்நானம் கொடுத்தது என்று நாற்பது வருட ஆட்சியை நாள்வாரியாகச் சொல்வார். பதினைந்து வருடங்களாக ஒவ்வொரு ஒக்டோபரிலும் சங்க மண்டபத்தில் அதைப்பற்றியே உரை நிகழ்த்துகிறார். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் கீழ்வீட்டுக் கார்டியன் பெரெய்ரா ஒரு போர்த்துக்கேயர் என்பதால், அந்த மனுசனுக்கு ‘பொன்ஜூர்’ என்று வணக்கம் சொல்வதற்குக்கூட அவர் ஒரு நொடி யோசிப்பார்.

“அந்தாளுக்கு அறுபது வயது. நானூறு வருசத்துக்கு முந்தி அந்தாள் இஞ்சை என்னப்பா செய்தது?” என்று கோசலை கேட்பாள்.

“அந்தாள் ஒண்டும் செய்யேல்லை. அதுதான் பொன்ஜூராவது சொல்லுறன்.”

இப்படிப்பட்டவரின் மகள், சில்லாலை ஊர்க் கத்தோலிக்கக் குடும்பத்துப் பையனைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள்.

சாப்பாடு நன்றாகவே போனது. இராஜேந்திரன் தன் கடையிலிருந்தே வாழையிலை கொண்டுவந்திருந்தார். பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பயற்றங்காய், புளிக்குழம்பு, பாயாசம். பியட்றிஸ் ஒவ்வொன்றையும் ருசித்துச் சாப்பிட்டாள். கோசலையின் முகம் மலர்ந்துகொண்டே போனது. ரேமண்ட் மூன்றாம் முறை சோறு வாங்கியபோது, “பொடியன் வெக்கப்படேல்லை. நல்லது,” என்று இராஜேந்திரனே சொன்னார். மிருணாளினி மேசைக்கடியில் கால்விரலால் ரேமண்டின் பாதத்தைத் தட்டினாள்.

சாப்பிட்டு முடிந்ததும் பியட்றிஸ் தன் இலையையும் மகனின் இலையையும் ஒன்றாக மடித்து எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

“ஐயோ அக்கா, விடுங்கோ. நான் எடுக்கிறன்,” என்று கோசலை பதறினாள்.

“இல்லைத் தங்கச்சி. எங்கடை இலையை நாங்கள்தான் எடுக்கவேணும். அது எங்கடை வீட்டுப் பழக்கம்.”

அவள் சமையலறைக்குள் போய்ச் சற்று நேரம் கழித்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அதன் பிறகுதான் இராஜேந்திரன் தொண்டையைச் செருமினார்.

“அப்ப, கலியாணம் கோயிலிலைதான்.”

“கோயிலிலை வைப்பம் அண்ணை. எனக்கு மறுப்பில்லை,” என்றாள் பியட்றிஸ். “பின்னேரம் தேவாலயத்திலையும் ஒரு ஆசீர்வாதம் வேணும். அவ்வளவுதான்.”

“அது சரிவராது.”

“ஏன் சரிவராது?”

“பறங்கியன் துவக்கோடை வந்து கேட்ட உடனை எல்லாத்தையும் குடுத்த குடும்பங்கள் இருக்கு. குடுக்காத குடும்பங்களும் இருக்கு. நாங்கள் குடுக்காத ஆக்கள். இப்ப போய் நான் குடுக்கேலாது.”

ரேமண்ட் நிமிர்ந்தான். மிருணாளினியின் கால்விரல் அசையாமல் நின்றது. ஆனால் பியட்றிஸ் சிரித்துக்கொண்டேதான் பதில் சொன்னாள்.

“நீங்கள் இருக்கிறது கதிரையிலை. சாப்பிட்டது மேசையிலை. சமைச்சது குசினியிலை. யன்னலாலை காத்து வருகுது. இந்தச் சொல்லெல்லாம் பறங்கியன்தான் தந்தது அண்ணை. உங்கடை வாயும் எப்பவோ ஞானஸ்நானம் எடுத்திட்டுது.”

கோசலை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அது இராஜேந்திரனுக்குப் பிடிக்கவில்லை.

“சொல்லு வேறை, சாமி வேறை. பயந்து மாறின ஆக்களுக்கு அந்த வித்தியாசம் விளங்காது.”

பியட்றிசின் முகத்திலிருந்த சிரிப்புப் போய்விட்டது. அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

“என்ரை ஆக்கள் என்னத்தைக் குடுத்தவை, என்னத்தைக் குடுக்கேல்லை எண்டு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாத விசயத்திலை என்னை ஏசவேண்டாம். ரேமண்ட், வா.”

ஐந்து மாடிகளும் இறங்கும் அவர்களின் காலடிச் சத்தத்தை மிருணாளினி கதவருகே நின்று கேட்டாள். கேக் பெட்டி திறக்கப்படாமலே மேசையில் இருந்தது.

*

புதன்கிழமை மாலை அவள் வேலை முடிந்து வந்தபோது வீடெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளிக்கப்பட்டிருந்தது. சமையலறை வாசலில் ஒரு தேசிக்காய் இரண்டாக வெட்டிக் குங்குமம் தடவி வைக்கப்பட்டிருந்தது. கோசலை கதிரையில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா நடந்தது?”

“செய்வினை!”

“என்ன?”

“காலமையிலையிருந்து குசினியிலை ஒரு மணம். எலி செத்துக் கிடக்குதாக்கும் எண்டு முக்காலியிலை ஏறி அலுமாரிக்கு மேலை பாத்தன். பாத்தா, சுவரோடை ஒட்டி, ஒருத்தற்றை கண்ணிலையும் படாத மாதிரி, இறுக்கி மடிச்ச ஒரு பொட்டலம். வாழையிலை. உள்ளுக்குச் சோறு, கறி, எல்லாம் பூஞ்சணம் பிடிச்சு... அவதான் வைச்சவ. நான் மேசை துடைச்ச நேரம் பாத்து உள்ளை போய் வைச்சிருக்கிறா!”

“அம்மா, நீங்கள் பாரிசிலை இருபத்தாறு வருசம் இருக்கிறீங்கள்.”

“செய்வினைக்கு விசா தேவையில்லை.”

மிருணாளினி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். இராஜேந்திரன் யன்னலருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“எனக்கு இதிலை நம்பிக்கை இல்லை,” என்றார் அவர் கண்டிப்பான குரலில். “ஆனால் நாங்கள் நம்பாட்டிலும், வைச்சவவின்ரை எண்ணம் என்னெண்டு தெரியுதுதானே. சாப்பிட்ட எச்சிலிலையை என்ரை வீட்டு உச்சியிலை வைச்சிட்டுப் போயிருக்கிறா. கதை முடிஞ்சுது.”

“அப்பா!”

“முடிஞ்சுது எண்டு சொன்னன்.”

அவள் தன் அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டு ரேமண்டை அழைத்தாள். சனிக்கிழமைக்குப் பிறகு அவன் குரலில் ஒரு காயம் இருந்துகொண்டே இருந்தது. அவள் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் தொடங்கினாள்.

“ரேமண்ட், கோவிக்காதை. உன்ரை அம்மா எங்கடை குசினியிலை ஏதாவது வைச்சவவோ? அம்மா அதைச் செய்வினை எண்டு...”

“என்ன சொன்னனீ?”

“நான் சொல்லேல்லை, அம்மா—”

“முதலிலை பயந்து மாறின ஆக்கள். இப்ப சூனியக்காரர். அடுத்தது என்ன மிருணா? இந்தக் கேள்வியை நான் என்ரை அம்மாட்டைப் போய்க் கேக்கமாட்டன்.”

தொலைபேசி அணைந்தது. வியாழனும் வெள்ளியும் அணைந்தே கிடந்தது. சனிக்கிழமை அவள் நகரசபைக்குக் கொடுக்க வேண்டிய தாள்களை எடுத்து வரிசையாக அடுக்கினாள். பிறப்புச் சான்றிதழ், வதிவிடச் சான்று, சாட்சிகளின் பெயர்கள். எல்லாம் இருந்தன. கீழே இரண்டு கையெழுத்துகளுக்கான இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்.

*

ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் உரை. கோபம் வேறு, கடமை வேறு என்று மிருணாளினி மண்டபத்துக்குப் போனாள். திரையில் படங்களை மாற்றுவது ஒவ்வொரு வருடமும் அவள் வேலை. படங்களையும் அவள்தான் செய்து கொடுப்பாள். மண்டபம் நிறைந்திருந்தது. வெளியே வடையும் தேநீரும் மணத்தன. சங்கத் தலைவர் தவரத்தினம் இராஜேந்திரனின் சட்டைக் கழுத்தில் சின்ன ஒலிவாங்கியைக் குத்திவிட்டார். கோசலை மூன்றாவது வரிசையில் பட்டுச்சேலையோடு இருந்தாள்.

வேட்டி கட்டி மேடையேறிய இராஜேந்திரன் வழமைபோலத் தொடங்கினார். அவருக்குக் குறிப்புத் தாள் தேவையில்லை. நல்லூரின் வீழ்ச்சியைச் சொன்னபோது மண்டபம் அமைதியானது. பறங்கியர் வீட்டுக்கு வீடு முறை வைத்துத் தின்ன மாடு கேட்ட கதையைச் சொன்னபோது சிலர் தலையை அசைத்தார்கள். மிருணாளினி இயந்திரம்போல விசையை அழுத்திக்கொண்டிருந்தாள். அவள் மனம் எங்கோ இருந்தது.

“கோயில் போச்சுது. ஆனால் விரதம் போகேல்லை,” என்று அப்பாவின் குரல் உயர்ந்தது. “வெளியிலை கழுத்திலை சிலுவை. உள்ளுக்கை கதவைப் பூட்டிப்போட்டு விரதச் சாப்பாடு. பறங்கியன்ரை ஆக்கள் வீடு வீடாய் வந்து குப்பையைக் கிளறிப் பாப்பினம். விரத நாளிலை மரக்கறி சாப்பிட்ட இலை கிடந்தால் தண்டனை. அதுக்கு எங்கடை சனம் என்ன செய்தது? சாப்பிட்ட இலையை வெளியிலை எறியேல்லை. மடிச்சுக் கொண்டுபோய்...”

மிருணாளினி அடுத்த படத்தை அழுத்தினாள். ஓலைக் குடிசை ஒன்றின் கோட்டுச் சித்திரம். சென்ற வருடம் அப்பா சொல்லச் சொல்ல அவளே வரைந்தது. ஒரு பெண் கையை உயர்த்திக் கூரைக்குள் எதையோ செருகுகிறாள். இறுக்கி மடித்த ஒரு வாழையிலை.

“...கூரைக்குள்ளை...”

இராஜேந்திரன் நின்றுவிட்டார்.

மிருணாளினி கணினியிலிருந்து தலையைத் தூக்கினாள். அப்பா திரையைப் பார்த்தார். பிறகு நூறு தலைகளுக்கு மேலாக அவளைப் பார்த்தார். அவருடைய வாய் திறந்தபடி இருந்தது. இருவருக்கும் ஒரே நொடியில் விளங்கிவிட்டது.

“அண்ணை, தண்ணி வேணுமோ?” என்று தவரத்தினம் பக்கத்திலிருந்து கேட்டார்.

“கோசலை!” என்று இராஜேந்திரன் ஒலிவாங்கியில் அலறினார். “அந்த இலை எங்கை?”

மூன்றாவது வரிசையில் கோசலை திடுக்கிட்டு எழும்பினாள். “எந்த இலை?”

“அலுமாரிக்கு மேலை இருந்த இலை!”

“குப்பையிலை போட்டிட்டன்! உப்பும் மிளகாயும் சுத்திப் போட்டனான்!”

“அடியே, நானூறு வருசத்துச் சரித்திரத்தைக் குப்பையிலை போட்டிட்டியே!”

மண்டபத்தில் சிரிப்பும் சலசலப்பும் எழுந்தன. இராஜேந்திரன் மேடையிலிருந்து குதித்தார். ஐம்பத்தெட்டு வயது மனுசன், வேட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுப்பாதையால் ஓடிவந்தார். “மிருணா, எழும்பு! ஓல்னேக்கு, ரேமண்ட் வீட்டை போறம்! கோசலை, சப்பாத்தைப் போடு!” கழுத்தில் ஒலிவாங்கி இன்னும் குத்தியிருந்ததால் இதெல்லாம் மண்டபமெங்கும் முழங்கியது. தவரத்தினம் பின்னாலேயே ஓடிவந்து படிக்கட்டில் வைத்து அதைக் கழற்றி எடுத்தார்.

“அண்ணை, உரையை ஆர் முடிக்கிறது?”

“அது இன்னும் முடியேல்லையடாப்பா. இப்பதான் தொடங்குது!”

கார் து நோர்வரை அவர்கள் நடக்கவில்லை, ஓடினார்கள். மிருணாளினியின் கண்களில் தண்ணீர் நின்றது, ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ரயிலில் ஏறியும் இராஜேந்திரன் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பேசினார்.

“நான் கதையாய்த்தான் கேட்டனான். என்ரை வீட்டிலை ஒருத்தரும் செய்து நான் பாக்கேல்லை. பதினைஞ்சு வருசமாய்க் கத்துறன். என்ரை குசினிக்குள்ளையே வந்து இருந்திருக்கு. எனக்கு அடையாளம் தெரியேல்லை, கோசலை.”

“ஓலைக் கூரையெண்டால் தெரிஞ்சிருக்கும்,” என்றாள் கோசலை. ஓட்டத்தில் அவள் கொண்டை அவிழ்ந்திருந்தது. பிறகு சட்டென்று நெஞ்சில் கை வைத்தாள். “ஐயோ, நான் அந்த மனுசியைச் சூனியக்காரி எண்டெல்லே சொல்லிப்போட்டன். என்ன முகத்தோடை போறது?”

*

ஓல்னே-சூ-புவாவில் கதவைத் திறந்தது ரேமண்ட். வேட்டியோடு நின்ற இராஜேந்திரனைப் பார்த்தான். அவருக்குப் பின்னால் தலை கலைந்து நின்ற மிருணாளினியைப் பார்த்தான்.

“அம்மா நிக்கிறாவோ தம்பி?” இராஜேந்திரனுக்கு மூச்சு வாங்கியது.

“என்னத்துக்கு?” ரேமண்ட் வழி விடவில்லை.

“ஆரடா அது?” பியட்றிஸ் கையில் மாவோடு வந்தாள். வந்தவர்களைக் கண்டதும் அவள் முகம் இறுகியது. கோசலை கணவனைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து அவளுடைய மாக்கையை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, முதலிலை நான் சொல்லிப்போடுறன். அலுமாரிக்கு மேலை இலையைக் கண்டிட்டு, நீங்கள் எங்களுக்குச் செய்வினை வைச்சிட்டீங்கள் எண்டு நினைச்சிட்டன். தேசிக்காய் வெட்டினன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

பியட்றிஸ் அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

“எத்தினை தேசிக்காய்?”

“மூண்டு.”

“எனக்கு மூண்டு போதுமோ? நான் அவ்வளவு லேசான ஆளோ?” அவள் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “உள்ளை வாங்கோ. பிழை என்னிலைதான். சொல்லிப்போட்டு வந்திருக்கவேணும். அண்டைக்குக் கோவத்திலை அந்த இலையை மறந்தே போனன்.”

பின்னால் ரேமண்ட் மிருணாளினியின் காதருகே குனிந்தான். “இலையெண்டு நீ சொல்லவே இல்லை. அம்மா எப்பவும் செய்யிறதுதானே அது.”

“சொல்ல விட்டனியோ? போனை வைச்சிட்டாய்.”

“கண்ணாடியைக் கழட்டிப்போட்டுக் கதைச்சனான். அதுதான் காது கேக்கேல்லை.”

அவள் அவன் கையை நுள்ளினாள். அவன் அந்தக் கையை விடவில்லை.

இராஜேந்திரன் உட்காரச் சொன்ன கதிரையில் உட்காரவில்லை. “ஏன் அப்பிடி வைக்கிறனீங்கள்? அதை மட்டும் சொல்லுங்கோ.”

“ஏன் எண்டு எனக்குத் தெரியாது அண்ணை. ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலத்திலை வெள்ளிக்கிழமையளிலை மரக்கறி சமைச்சு இலையிலை சாப்பிடுவம். அந்த இலையை அண்டைக்கு வெளியிலை எறியப்படாது. மடிச்சுக் கூரைக்குள்ளை செருகவேணும், அடுத்த நாள்தான் எடுக்கவேணும். என்ரை அம்மா செய்தவ, நானும் செய்யிறன். இஞ்சை கூரை இல்லை, அதாலை அலுமாரி. விரதச் சாப்பாடெண்டு உங்கடை வீட்டிலையும் கை தன்ரை பாட்டிலை செய்திட்டுது.”

“எறிஞ்சால் என்னவாம்?”

“ஆபத்தாம்.”

“என்ன ஆபத்து?”

“அது ஒருத்தருக்கும் தெரியாது. ஆபத்து எண்டு மட்டும் சொல்லுவினம்.”

இராஜேந்திரனின் கண்கள் கலங்கின. “எனக்குத் தெரியும்,” என்றார் மெல்ல. “அந்த ஆபத்து ஆரெண்டு எனக்குத் தெரியும்.”

அவர் சொல்லத் தொடங்கினார். மண்டபத்தில் பாதியில் விட்ட உரையின் மிச்சம் அந்தச் சின்ன வரவேற்பறையில் நடந்தது. மேடைக் குரல் போய், ஒரு வீட்டுக் கதையைச் சொல்வதுபோலச் சொன்னார். கூரைக்குள் செருகிய இலை, குப்பையைக் கிளறிய சிப்பாய், கதவருகே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண். பியட்றிஸ் வாயில் விரலை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு தடவை மேல்நோக்கித் தன் அலுமாரியைப் பார்த்தாள்.

“அப்ப என்ரை ஆக்கள்...”

“குடுக்கேல்லை!” இராஜேந்திரன் துள்ளி எழும்பினார். “உங்கடை ஆக்கள் ஒண்டையும் குடுக்கேல்லை! நீங்கள் சைவம்தான்! எங்கடை ஆக்கள்தான்! இனிப் பிரச்சினையே இல்லை, கோயிலிலையே கலியாணத்தை வைச்சு—”

“நில்லுங்கோ அண்ணை.”

பியட்றிஸ் குரலை உயர்த்தவில்லை. ஆனால் மிருணாளினிக்கு எல்லாம் கைக்கு வந்து மீண்டும் நழுவுவதுபோல இருந்தது.

“இலையை ஒளிச்சு வைச்சதும் என்ரை ஆக்கள்தான். மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினதும் என்ரை ஆக்கள்தான். முதலிலை பயத்திலை கொளுத்தியிருக்கலாம். பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது கொளுத்திச்சினம். கப்பல் போன புருசன் வரவேணும் எண்டு கொளுத்திச்சினம். இவன்ரை தகப்பன் செத்த நேரம் நான் மாதாவின்ரை காலடியிலைதான் இருந்தனான். அது பொய்யில்லை. இலையை மட்டும் எடுத்துக்கொண்டு, மெழுகுதிரியை ஊதி அணைச்சுப்போட்டுப் போகேலாது.”

கீழே தெருவில் ஒரு பேருந்து நின்று புறப்பட்டது.

“ஒண்டு கேக்கிறன்,” என்றாள் பியட்றிஸ். “விரத நாளிலை உங்கடை வீட்டு இலையை எங்கை வைப்பீங்கள்?”

இராஜேந்திரன் கோசலையைப் பார்த்தார். கோசலை நிலத்தைப் பார்த்தாள்.

“குப்பையிலை,” என்றார் அவர்.

சொல்லிவிட்டு அவர் அப்படியே கதிரையில் உட்கார்ந்தார். பதினைந்து வருட உரைகளும் அவரோடு சேர்ந்து உட்கார்ந்ததுபோல அந்தக் கதிரை முனகியது. நீண்ட நேரம் வேட்டியின் கரையை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

“நான் படிச்சதைக் காப்பாத்தினன்,” என்றார் இராஜேந்திரன் கடைசியாக. “நீங்கள் தெரியாமலே செய்து காப்பாத்தியிருக்கிறீங்கள். அண்டைக்கு என்ரை வாயாலை வந்தது பிழை. மன்னியுங்கோ.” பிறகு அவர் ரேமண்டைத் திரும்பிப் பார்த்தார். “தம்பி, காலமை கோயில், பின்னேரம் தேவாலயம். இரண்டுக்கும் நானே மகளைக் கூட்டிக்கொண்டு வாறன். தேவாலயத்திலை எப்ப எழும்பவேணும், எப்ப இருக்கவேணும் எண்டு மட்டும் முதலே சொல்லிப்போடு.”

“அப்பா!” மிருணாளினி ஓடிப்போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“விடு, விடு. தாளெல்லாம் எங்கை? நாளைக்குத் திங்களெல்லே?”

அவள் கைப்பையிலிருந்து தாள்களை எடுத்தாள். எட்டு நாட்களாக அவற்றை எங்கே போனாலும் கொண்டுதான் திரிந்தாள். பியட்றிசின் மாவுப் பலகையை ஒதுக்கிவிட்டு, அந்த மேசையிலேயே இருவரும் கையெழுத்திட்டார்கள். ரேமண்டின் பெயருக்குக் கீழே ஒரு மாவு விரலடையாளமும் சேர்ந்து நகரசபைக்குப் போனது.

*

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் விருந்து. அதே மேசை, அதே புளிக்குழம்பு. இந்த முறை கேக் வெட்டப்பட்டது. சாப்பிட்டு முடிந்ததும் ஐந்து பேரும் தத்தம் இலையை மடித்துக்கொண்டு சமையலறைக்குள் நெருக்கியடித்து நின்றார்கள்.

“முதலிலை என்ரை இலை,” என்றார் இராஜேந்திரன். “முக்காலியைத் தா.”

“முக்காலி உங்களைத் தாங்காது. விழுந்தால் கலியாணத்துக்குப் பொல்லோடைதான் வருவீங்கள்,” என்றாள் கோசலை.

மிருணாளினி கீழே ஓடிப்போய்க் கார்டியனிடம் ஏணி கேட்டாள். பெரெய்ரா ஏணியை அவளிடம் கொடுக்காமல், தானே தோளில் வைத்து ஐந்து மாடியும் ஏறி வந்தார். தன் ஏணியை அவர் யாரையும் நம்பிக் கொடுப்பதில்லை. அலுமாரிக்கு முன்னால் அதை விரித்து வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

இராஜேந்திரன் அவரைப் பார்த்தார். பிறகு, பதினைந்து வருடங்களில் முதல் தடவையாக, யோசிக்காமலே “பொன்ஜூர், மெசியூ பெரெய்ரா” என்றார்.

“பொன்ஜூர். விளக்கு மாற்றவா?”

“இல்லை. சாப்பிட்ட இலையை மேலே ஒளித்து வைக்க.”

பெரெய்ரா அந்த இலைகளையும், அவற்றைப் பிடித்திருந்த ஐந்து பேரின் முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். “யாருக்குத் தெரியாமல்?” என்று பிரெஞ்சில் கேட்டார்.

ஏணியின் மூன்றாவது படியில் நின்றபடி இராஜேந்திரன் பதில் சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை; சிரிப்பு வந்து முட்டிக்கொண்டு நின்றது. “உங்களுக்குத்தான். உங்கள் நாட்டுக்காரர் கண்ணில் படக்கூடாது என்றுதான் நாங்கள் நானூறு வருடங்களாக இதை ஒளிக்கிறோம்.”

பெரெய்ரா ஒரு கணம் யோசித்தார். ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

“நீங்கள் வையுங்கள், மெசியூ,” என்றார். “நான் ஒன்றையும் பார்க்கவில்லை.”